குறைமாதக் குழந்தை விழித்திரை நோய்: வரலாறும் தமிழ்நாடும்

குறைமாதக் குழந்தை விழித்திரை நோய் என்பது, உரிய காலத்துக்கு முன்பே பிறக்கும் குழந்தைகளின் விழித்திரையில் இரத்தக் குழாய்கள் முறையின்றி வளர்வதால் ஏற்படும் நோயாகும். கருவின் 16ஆம் வாரமளவில் பார்வை நரம்பின் அருகே தோன்றும் இக்குழாய்கள், விழித்திரையின் விளிம்பை முழுமையாக எட்டச் சுமார் 40 வாரங்கள் ஆகின்றன. அதற்கு முன்பே பிறக்கும் குழந்தைக்கு இந்த வளர்ச்சி பாதியில் நின்றுவிடுகிறது. பின்னர் உயிர்வளி போதாத விழித்திரையில் புதிய குழாய்கள் தாறுமாறாகக் கிளைத்து, தழும்பாகி, விழித்திரையை இழுத்துப் பிரித்துவிடக்கூடும்.

காரணத்தைத் தேடிய ஆண்டுகள்

1942இல் பாஸ்டன் நகரக் கண் மருத்துவர் தியோடர் டெர்ரி இந்நோயை முதன்முதலில் விவரித்தார். அடுத்த பத்தாண்டுகளில் உலகெங்கும் சுமார் 10,000 குழந்தைகள் பார்வை இழந்ததாகக் கணக்கிடப்படுகிறது. நல்ல மருத்துவ வசதி இருந்த நாடுகளிலேயே நோய் மிகுதியாக இருந்தது பெரும் புதிராக விளங்கியது.

1951இல் மெல்பர்ன் நகர மருத்துவர் கேட் கேம்பெல், குழந்தைகளுக்குத் தாராளமாக அளிக்கப்பட்ட உயிர்வளியே காரணமாக இருக்கலாம் என்றார். வாஷிங்டனில் ஆர்னல் பாட்ஸ் இதே ஐயத்தைச் சோதித்தபோது, உயிர்வளி குறைந்தால் குழந்தை இறந்துவிடும் என அஞ்சிய செவிலியர் சிலர் இரவில் அதன் அளவைக் கூட்டிவைத்தனர். 1953இல் அமெரிக்காவின் 18 மருத்துவமனைகள் இணைந்து தொடங்கிய ஆய்வு, மறு ஆண்டிலேயே உயிர்வளியின் பங்கை உறுதிசெய்தது.

இதன்பின் உயிர்வளி கடுமையாகக் குறைக்கப்பட்டது. பார்வையிழப்பு குறைந்தது, ஆனால் மூச்சுத்திணறலால் இறப்புகள் கூடின. தடுக்கப்பட்ட ஒவ்வொரு பார்வையிழப்புக்கும் சுமார் 16 குழந்தைகள் இறந்திருக்கலாம் என 1973இல் கென்னத் கிராஸ் மதிப்பிட்டார். உயிர்வளி மிகுந்தாலும் குறைந்தாலும் கேடு என்பதே இக்காலம் கற்பித்த பாடம்.

ஆபத்துக் காரணிகள்

பிறப்பு வாரமும் எடையும் குறையக் குறைய ஆபத்து கூடுகிறது. அளவிட்டுக் கண்காணிக்காமல் தரப்படும் உயிர்வளி, இரத்தத்தில் நோய்த்தொற்று, மூச்சுத்திணறல், இரத்தம் ஏற்றுதல், பிறந்தபின் எடை சரிவரக் கூடாமை ஆகியவையும் காரணிகளாகும்.

மேலைநாடுகளில் பொதுவாக 1,500 கிராமுக்குக் குறைந்தோ 30 வாரங்களுக்குள்ளோ பிறந்த குழந்தைகளே பரிசோதிக்கப்படுகின்றனர். இந்தியாவில் அதைவிட எடை கூடிய குழந்தைகளுக்கும் நோய் வருவதால் 2,000 கிராம், 34 வாரம் என்ற வரம்பு பின்பற்றப்படுகிறது.

எழும்பூர் வழக்கு

1996 ஆகஸ்டில் சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் 29ஆம் வாரத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. எடை 1,250 கிராம். இன்குபேட்டரில் வைத்துக் காப்பாற்றப்பட்ட குழந்தை செப்டம்பரில் வீடு திரும்பியது. ஆனால் கண் பரிசோதனை செய்யப்படவில்லை. அது தேவை என்று பெற்றோரிடம் சொல்லப்படவும் இல்லை. நோய் தெரியவந்தபோது பார்வையை மீட்கும் காலம் கடந்திருந்தது.

பெற்றோர் தொடுத்த வழக்கில் தேசிய நுகர்வோர் ஆணையம் 5 லட்சம் ரூபாய் வழங்க உத்தரவிட்டது. 2015 ஜூலை 1 அன்று உச்ச நீதிமன்றம், கவனக்குறைவை உறுதிசெய்து, எதிர்கால மருத்துவச் செலவையும் விலைவாசி உயர்வையும் கணக்கிட்டு, இழப்பீட்டைச் சுமார் 1.8 கோடி ரூபாயாக உயர்த்தியது. குழந்தையின் உயிரைக் காத்ததோடு மருத்துவமனையின் கடமை முடிந்துவிடுவதில்லை என்பதை இத்தீர்ப்பு உணர்த்தியது.

தடுப்பு

1988இல் வெளியான ஆய்வு, உறைகுளிர் சிகிச்சையால் பார்வையைக் காக்க முடியும் என நிறுவியது. பின்னர் லேசர் சிகிச்சையும், கண்ணுக்குள் செலுத்தும் ஊசி மருந்தும் வந்தன. இவற்றுக்கான கால அவகாசமோ மிகக் குறுகியது. முற்றிய நோய் சில நாட்களிலேயே கைமீறக்கூடும்.

2013இல் தொடங்கப்பட்ட தேசியச் சிறார் நலத் திட்டத்தில் இந்நோயும் சேர்க்கப்பட்டது. விழித்திரை மருத்துவர்கள் பெருநகரங்களிலேயே மிகுந்திருப்பதால், கோயம்புத்தூர் அரவிந்த் கண் மருத்துவமனை பிற ஊர்களில் எடுக்கப்படும் விழித்திரைப் படங்களைத் தொலைவிலிருந்தே ஆராயும் முறையைக் கையாண்டது. விருத்தாசலம் போன்ற சிறு நகரங்களின் குழந்தைகளுக்கு இத்தகைய முறையே ஏற்றது.

இந்நோயின் தொடக்கத்தில் கண் பார்வைக்கு இயல்பாகவே தோன்றும். தாயால் கண்டறிய இயலாது. எனவே குறைமாதக் குழந்தைக்குப் பிறந்த 30 நாட்களுக்குள், 28 வாரங்களுக்கு முன் பிறந்திருந்தால் இரண்டு அல்லது மூன்று வாரங்களுக்குள், விழித்திரைப் பரிசோதனை செய்யப்பட வேண்டும்.