ஆங்கில எண்கள் வந்த வழி

ஒரு சமுதாயத்தின் உயர்வுக்கு எழுத்தறிவு எவ்வளவு இன்றியமையாததோ, அவ்வளவு இன்றியமையாதது எண்ணறிவு. பட்டா, கடன் பத்திரம், கூலிக் கணக்கு, வங்கிப் புத்தகம் ஆகிய அனைத்திலும் நம் வாழ்வு எண்களாகவே பதியப்படுகிறது. உயர்கல்விக்கும் உத்தியோகத்திற்கும் செல்லும் நம் இளைஞர்கள் அவ்வெண்களை ஆங்கிலத்திலும் ஐயமறக் கற்றல் வேண்டும். அவற்றின் வரலாற்றை அறிந்தால் கற்பது எளிதாகும்; அச்சமும் அகலும்.

எண்ணும் முறையும்

ஆங்கில எண்கள் முதன்மையாக இருவகைப்படும். ‘எத்தனை’ என்னும் வினாவிற்கு விடையாவன கார்டினல் எண்கள். ஒன், டூ, த்ரீ என்பன அவை. ‘எத்தனையாவது’ என்னும் வினாவிற்கு விடையாவன ஆர்டினல் எண்கள். ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்ட் என்பன அவை. ஃபோர் என்பது ஃபோர்த் ஆவதுபோலப் பிற எண்கள் பெரும்பாலும் இறுதியில் ஓரொலி பெற்று முறை எண்ணாகின்றன. முதலிரண்டு மட்டும் ஏன் முற்றிலும் வேறுபடுகின்றன?

ஃபர்ஸ்ட் என்பதற்கு ‘எல்லாவற்றிற்கும் முன் நிற்பது’ என்பதே அடிப்படைப் பொருள். தமிழிலும் ‘முதலாவது’ என்பது ஒன்று என்னும் சொல்லிலிருந்து பிறந்ததன்று. செகண்ட் என்பதோ ‘பின்தொடர்வது’ எனப் பொருள்படும் இலத்தீன் சொல், பிரெஞ்சு வழியாக வந்தது. அதற்கு முன் ஆங்கிலேயர் இரண்டாவதைக் குறிக்க அதர் என்னும் சொல்லையே வழங்கினர். லெவன், ட்வெல்வ் என்பவை பத்துக்கு மேல் ‘ஒன்று மீதி’, ‘இரண்டு மீதி’ எனப் பொருள்படும் பழஞ்சொற்கள். பின்னங்களைக் கூறவும் முறை எண்களே பயன்படுகின்றன. ஒன் தேர்ட் என்றால் மூன்றில் ஒரு பங்கு. ஹாஃப், குவார்ட்டர் ஆகியவை இதற்கு விலக்கு.

வெட்டுக்கோல் கணக்கு

ஸ்கோர் என்னும் சொல் இருபதையும் குறிக்கும். கோலில் இடும் வெட்டையும் குறிக்கும். இங்கிலாந்தின் அரசுக் கருவூலத்திலேயே கோல்களில் வெட்டுகள் இட்டுக் கணக்கு வைத்தனர். கோலை நீளவாக்கில் பிளந்து, பணம் கொடுத்தவர் ஒரு பாதியையும் பெற்றவர் மறு பாதியையும் வைத்துக்கொள்வர். இரண்டையும் பொருத்திப் பார்த்தால் ஒருவர் மட்டும் கூடுதலாக இட்ட வெட்டு வெளிப்பட்டுவிடும். 1826 வரை இவ்வழக்கம் நீடித்தது. 1834இல் பழைய கோல்களை உலையிலிட்டு எரித்தபோது மூண்ட தீயில் இங்கிலாந்தின் பாராளுமன்ற மாளிகையே அழிந்தது.

நம் முன்னோர் கைநாட்டு வைத்த கடன் சீட்டுகளுக்கு அத்தகைய மறு பாதி இருந்ததில்லை. எழுதியவர் ஒருவர், அடைத்தவர் மற்றொருவர். எண்ணறிவே நமக்குரிய மறு பாதி என்பதை நாம் மறத்தலாகாது.

இலக்கங்களின் பயணம்

ஆங்கில எண்கள் என நாம் அழைக்கும் 1, 2, 3 என்னும் இலக்கங்கள் இங்கிலாந்தில் பிறந்தவை அல்ல, இந்நாட்டில் பிறந்தவை. 628இல் பிரம்மகுப்தர் பூஜ்யத்தைக் கொண்டு கணக்கிடும் விதிகளை வகுத்தார். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் அல் குவாரிஸ்மி இந்திய எண்களைப் பற்றி நூலெழுதினார். 1202இல் இத்தாலியரான ஃபிபொனாச்சி தம் நூல் வழியாக அவற்றை ஐரோப்பிய வணிகரிடையே பரப்பினார். சூனியம் என்னும் சொல் அரபியில் சிஃப்ர் என மொழிபெயர்க்கப்பட்டு, ஐரோப்பிய மொழிகளில் ஜீரோ என்றும் சைபர் என்றும் இரு வடிவம் பெற்றது. நம் தாய்மார் ‘சைபர்’ என்று கூறுவது, உலகைச் சுற்றி வீடு திரும்பிய நம் நாட்டுக் கருத்தையே ஆகும்.

கற்றவர்க்கு மட்டுமே இலத்தீன் தெரிந்திருந்த காலத்தில், ராபர்ட் ரெக்கார்ட் என்பவர் 1543இல் கணித நூலொன்றைப் பாமரரும் படிக்கும் ஆங்கிலத்தில், ஆசிரியரும் மாணவரும் உரையாடும் முறையில் வெளியிட்டார். அந்நூல் நூறாண்டுக்கு மேலாக மீண்டும் மீண்டும் அச்சிடப்பட்டது. சிலரிடம் இருந்த கணக்கு பலருடைய உடைமையாயிற்று.

நம் கடமை

டாக்டர் அம்பேத்கர் பள்ளி மாணவராக இருந்தபோது, கணக்கொன்றைச் செய்ய ஆசிரியர் அவரைக் கரும்பலகைக்கு அழைத்தார். பலகையின் பின்னால் வைத்திருந்த தங்கள் உணவுப் பாத்திரங்கள் தீட்டுப்பட்டுவிடும் என்று சாதி இந்து மாணவர்கள் ஓடிச்சென்று அவற்றை அகற்றினர் என்று அவருடைய வாழ்க்கை வரலாறு கூறுகிறது. அம்மாணவரே 1923இல் ரூபாயின் பிரச்சினையை ஆராய்ந்து இலண்டனில் நூல் வெளியிட்டார். அவ்வாண்டிலேயே இலண்டன் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டமும் பெற்றார். கரும்பலகையை நெருங்கலாகாது என்று கருதப்பட்டவர், ஒரு நாட்டின் நாணயத்தையே கணக்கிட்டுக் காட்டினார்!

இளைஞர்களே! எண்கள் எச்சாதிக்கும் எந்நாட்டிற்கும் தனியுடைமை அல்ல. பல மக்களின் கைகளைக் கடந்து வந்தவை அவை. நீங்கள் கற்பதோடு நில்லாது, நாள்தோறும் மாலையில் வீட்டுப் பெரியோர்க்குக் கூலிக் கணக்கையும் வங்கிப் புத்தகத்தையும் படித்துக் காட்டுங்கள்; அவர்களே படிக்கவும் கற்றுக்கொடுங்கள். கைநாட்டு மறைந்து கையொப்பம் தோன்றும் ஒவ்வொரு வீடும் நம் சங்கத்திற்கு வெற்றியாகும்.