ஆறு வந்திருச்சு

எங்கள் நாச்சியாபுரத்தில் ஊருணி உண்டு, கண்மாய் உண்டு. ஆறு பார்க்க வேண்டுமென்றால் வெளியே போக வேண்டும். குன்றக்குடிப் பக்கம் தேனாறு, சிங்கம்புணரிப் பக்கம் பாலாறு, தேவகோட்டைப் பக்கம் விருசுழி. தேனும் பாலும் பெயரோடு சரி. வருடத்தின் பெரும்பகுதி மணலும் சீமைக்கருவேலும்தான். ஆடு மாடு அதன் வழியே போகும், ஆளும் போவார்கள்.

இதைப் பார்த்தே வளர்ந்தவனிடம் தமிழாசிரியர் 'ஆறு என்றால் வழி' என்றபோது சந்தேகம் எப்படி வரும்? சான்றுகளும் கை நிறைய இருந்தன. பத்துப்பாட்டில் 5 நூல்கள் ஆற்றுப்படை. பரிசில் பெற்றவன் பெறாதவனுக்கு வள்ளலிடம் போக வழி சொல்வது. இவ்வாறு என்றால் இவ்வழி. கல்யாணப் பத்திரிகையில் 'வருமாறு' என்று அச்சடிக்கிறோமே, அதற்குள்ளும் அந்த ஆறுதான். ஆகவே நீர் போகும் வழி ஆறு. கேட்க அழகாக இருக்கிறது. மேடைக்கு மேடை சொல்கிறார்கள்.

அழகான விளக்கம் கிடைத்தால்தான் கொஞ்சம் பயப்பட வேண்டும்.

சங்க நூல்களைப் புரட்டினால் நீர் ஓடும் ஆறு 'யாறு' என்று வருகிறது. வழி என்ற ஆறு 'ஆறு' என்றே வருகிறது. ஆற்றுப்படையை யாரும் யாற்றுப்படை என்று எழுதவில்லை. பிறகு நடந்தது தமிழில் வழக்கமான கதை: சொல்லின் தலையில் இருந்த யகரம் உதிர்ந்தது. யானை ஆனையாயிற்று, யாமை ஆமையாயிற்று, யாடு ஆடாயிற்று, யாறும் ஆறாயிற்று. யானைக்கு மட்டும் எழுத்தில் பழைய உரு தங்கிவிட்டது. மற்றவை திரும்பவில்லை.

தெலுங்கைக் கேட்டால் ஐயம் தீரும். நம் யானை அங்கே ஏனுகு, நம் யாறு அங்கே ஏரு. கிருஷ்ணாவில் கலக்கும் பாலேரு, சிங்கம்புணரிப் பாலாற்றின் பெயரேதான். தமிழில் 'யா' நின்ற இடத்தில் தெலுங்கில் 'ஏ' நிற்கிறது. ஆக, வேறு வேறு வேரில் பிறந்த இரண்டு சொற்கள், ஒன்றின் தலை உதிர்ந்ததால் ஒரே முகத்தோடு நிற்கின்றன. எண் ஆறும், சூடு ஆறுவதும் இந்த நெரிசலில் தனிக் கதை.

அதற்காக, நீரை நடையோடு சேர்த்து நினைக்காதவர்கள் தமிழர் என்று சொல்லிவிட முடியாது. கண்மாய்க்கு நீர் கொண்டுவருவது வரத்துக்கால், வயலுக்குக் கொண்டுபோவது வாய்க்கால். ஆறில்லாத ஊர்க்காரர்கள் பெய்த மழையைக் காலால் நடத்திவந்து ஊருணியில் உட்காரவைத்தார்கள். ஊருணி என்ற சொல்லுக்கு ஆராய்ச்சி அதிகம் வேண்டாம், ஊர் உண்ணும் நீர். 215ஆம் குறளில் வள்ளுவர் எடுத்த உவமை அதுதான். எங்கள் பக்கம் பேச்சில் அது ஊரணி.

ஆறில்லாத ஊர் போல ஆறில்லாத நாடும் உண்டு. ஐரோப்பாவில் மால்டா என்றொரு குட்டி நாடு. 316 சதுர கிலோமீட்டர். ஆண்டு முழுக்க ஓடும் ஆறு ஒன்றுகூட அங்கே இல்லை. இருப்பது 'வீத்': மழை பெய்தால் மட்டும் நீர் பாயும் பள்ளத்தாக்கு. அரபு 'வாதி'யின் வழிவந்த சொல். அதே வாதி ஸ்பெயினுக்குப் போய் நிறைந்த நீர் கண்டதும் குவாதல்கிவிர் என்ற 'பெரிய ஆறு' ஆகிவிட்டது. மால்டாவில் அது காய்ந்தே கிடந்தது. பிர்கிர்காரா நகரத்தில் அந்தப் பள்ளத்தின்மேலேயே கடைத்தெரு போட்டு, 'வீத் தெரு' என்று பெயரும் வைத்திருக்கிறார்கள். பெருமழை அடித்தால் தெருவில் கார்கள் மிதக்கும். வழியும் ஆறும் அங்கே சொல்லால் அல்ல, வெள்ளத்தால் ஒன்றாகின்றன.

நம் பக்கமும் அப்படித்தான். சொற்பிறப்பு கைவிட்ட விளக்கத்தை நிலம் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஐப்பசி மழை வலுத்தால், 'ஆற்றில் தண்ணீர் ஓடுகிறது' என்று இங்கே யாரும் சொல்வதில்லை. எங்கள் ஆயா (பாட்டி) வாசலில் போகிறவர்களைப் பார்த்துக் கேட்பார்: "ஏப்பா, ஆறு வந்திருச்சா?"