குளிர்காய்ச்சல் போன வழி



உங்கள் வீட்டில் எண்பது வயதைத் தாண்டிய பெரியவர் யாராவது இருந்தால், தோட்டத்தில் எண்ணெய் அடித்தவரைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். முதுகில் தகரத் தொட்டி, ஒரு கையில் அதன் விசை, மறு கையில் குழாய். வாரம் தவறாமல் லயத்தைச் சுற்றியுள்ள கால்வாய், ஓடை, பள்ளம் எல்லாவற்றிலும் அவர் எண்ணெய் தெளித்துக்கொண்டு போவார். டிரசருக்கு இருந்த மரியாதை அவருக்கு இல்லை. கங்காணிக்கு இருந்த அதிகாரமும் இல்லை. ஆனாலும் நம் குடும்பங்கள் இந்த மண்ணில் வேரூன்றியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. எப்படி என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

குளிர்காய்ச்சல் எனப்படும் மலேரியா, கெட்ட காற்றாலும் சதுப்பு நில ஆவியாலும் வருகிறது என்றே நெடுங்காலம் நம்பினார்கள். கொசுவின் வயிற்றில்தான் அந்நோயின் கிருமி வளர்கிறது என்பதை ரொனால்ட் ராஸ் என்ற மருத்துவர் 1897இல் இந்தியாவில், செகந்தராபாத்தில் கண்டறிந்தார். நான்கே ஆண்டுகளில் அந்த அறிவைச் சோதித்துப் பார்க்கும் இடமாக நம் சிலாங்கூர் அமைந்தது.

1901இல் மால்கம் வாட்சன் என்ற இளம் மருத்துவர் கிள்ளானுக்கு வந்து சேர்ந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. இன்றைய போர்ட் கிள்ளான்தான் அது. கப்பலில் சரக்கு இறக்க வந்தவர்களும் இரயில்வே ஆட்களும் சில வாரங்களுக்குள் காய்ச்சலில் சுருண்டு விழுந்தார்கள். புதிய துறைமுகத்தையே மூடிவிடலாமா என்று அரசாங்கம் யோசிக்கும் நிலை வந்தது. ஊருக்குள் இருந்த சதுப்பை வடித்து, புதரை வெட்டி, கடல் நீர் ஏறாதபடி மண்ணணை போடவேண்டும் என்று வாட்சன் வற்புறுத்தினார். வேலையும் நடந்தது. 1901இல் கிள்ளானிலும் துறைமுகத்திலும் இறந்தவர்கள் 582 பேர். அவர்களில் காய்ச்சலால் மட்டும் 368 பேர். மறு ஆண்டு மொத்தச் சாவு 144, காய்ச்சலால் 59. பனாமாக் கால்வாயில் அமெரிக்கர்கள் கொசுவை ஒழித்ததை உலகமே புகழ்கிறது. அந்த வேலை தொடங்குமுன்பே இங்கே மண்வெட்டி பேசிவிட்டது! அந்த மண்வெட்டிகளைப் பிடித்த கைகள் எவை என்று நான் சொல்லவேண்டியதில்லை.

நகரம் தேறியது. தோட்டங்களின் கதை வேறு. கிள்ளானிலிருந்து காப்பார், ஜெராம், கோல சிலாங்கூர் என்று கடலோரமாகக் காடு அழிக்கப்பட்டு ரப்பர் நடப்பட்ட காலம் அது. தோட்டத்தில் நோய் எவ்வளவு என்று அறிய வாட்சன் ஓர் எளிய வழியைக் கையாண்டார். லயத்துப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவரின் வயிற்றையும் தொட்டுப் பார்ப்பார். மலேரியா மீண்டும் மீண்டும் வந்த பிள்ளைக்கு இடது விலாவின் கீழே மண்ணீரல் வீங்கி, கட்டியாகக் கையில் தட்டுப்படும். நூறு பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்த வீக்கம் என்று எண்ணினால், அந்தத் தோட்டத்தின் நிலை தெரிந்துவிடும். பெரியவர்கள் இன்று வருவார்கள், நாளை ஓடிப்போவார்கள். பிள்ளைகளின் வயிறு பொய் சொல்லாது.

இப்படி எண்ணியதில் ஒன்று புலப்பட்டது. கடலோரச் சமவெளியில், காட்டோரத்தில் கட்டிய லயங்களில் பிள்ளைகள் வயிறு வீங்கியிருந்தார்கள். காட்டை விட்டு அரை மைல் தள்ளியிருந்த லயங்களில் நலமாக இருந்தார்கள். இந்தப் பகுதியில் நோயைப் பரப்பிய கொசு, மரநிழலில் தேங்கிய கறுத்த தண்ணீரில் முட்டையிடுவது. காட்டை வெட்டி, கால்வாய் தோண்டி, வெயில் படும்படி செய்தால் அது ஒழிந்தது. கோல சிலாங்கூர்க் கடலோரத்துத் தோட்டங்கள் இவ்வாறே பிழைத்தன.

இதைக் கண்ட மலைப்பக்கத்துத் துரைமார்களும் அதையே செய்தார்கள். கோல சிலாங்கூரை விட்டு உள்நாட்டுப் பக்கம் போனால் நிலம் மெல்ல மெல்ல மேடாகிறது. ரவாங், செரண்டா, கோல குபு பக்கம் வந்தால் குன்றும் பள்ளமும்தான், பள்ளம்தோறும் ஊற்றுநீர். அங்கே காட்டை வெட்டி ஓடைகளைத் திறந்துவிட்டார்கள். காய்ச்சல் குறையவில்லை, கூடியது!

காரணம் இதுதான். மலையடிவாரத்தில் நோயைப் பரப்புவது வேறொரு கொசு. மாக்குலேத்தஸ் என்பது அதன் பெயர். அதற்கு நிழலும் சேறும் பிடிக்காது. வெயில் படும் தெளிந்த ஊற்றுநீரே அதற்குத் தொட்டில். கடலோரத்தில் உயிர் காத்த அதே வேலை, மலையில் அந்தக் கொசுவுக்கு வீடு கட்டிக் கொடுத்தது. சுத்தமான தண்ணீர் ஓடுகிறது, லயமும் பார்க்க அழகாக இருக்கிறது, பிள்ளைகள் மட்டும் சாகிறார்கள் என்றால் யாருக்குத்தான் புரியும்? இதைப் புரிந்துகொள்ளச் சில ஆண்டுகள் பிடித்தன. அந்தச் சில ஆண்டுகளுக்கு விலை கொடுத்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த நம்மவர்கள்.

மாற்று வழி இரண்டு. சுட்ட மண் குழாய்களைப் பள்ளத்தின் அடியில் பதித்து, மேலே மண் மூடி, ஊற்றுநீரை நிலத்துக்கு அடியிலேயே ஓடவிடுவது ஒன்று. செலவு அதிகம். மற்றது எண்ணெய். கொசுப்புழு மூச்சு வாங்க நீரின் மேற்பரப்புக்கு வந்தாக வேண்டும். எண்ணெய்ப் படலம் அங்கே பரவியிருந்தால் அது மூச்சுமுட்டிச் சாகும். முட்டை கொசுவாக மாற ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்பதால், வாரம் ஒருமுறை தெளித்தால் போதும். ஒரு வாரம் தவறினால் மட்டும் எல்லாம் வீண். எண்ணெய் அடிப்பவர் மழையென்றும் பண்டிகையென்றும் பாராமல் நடந்ததன் காரணம் இதுதான்.

தோட்ட நிர்வாகங்கள் இதற்கெல்லாம் பணம் செலவிட்டது இரக்கத்தால் மட்டும் என்று நான் நம்பவில்லை. 1911இல் மலாய்க் கூட்டு மாநிலத் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளர் ஆயிரம் பேருக்கு 60 பேருக்கு மேல் ஓராண்டில் இறந்தார்கள். ஆளை வரவழைக்க 1907இலேயே குடியேற்ற நிதி ஏற்படுத்தி எல்லாத் தோட்டங்களும் பணம் கட்டிக்கொண்டிருந்தன. வந்தவர் செத்தால் அந்தப் பணமும் போயிற்று. மலேரியா ஆலோசனை வாரியம் 1911இல் அமைந்தது. 1912இலும் 1923இலும் வந்த தொழிலாளர் சட்டங்கள் வீடு, குடிநீர், மருத்துவமனை ஆகியவற்றைத் தோட்டங்களின் கடமையாக்கின. சட்டம் ஏட்டில் இருந்த அளவுக்கு எல்லாத் தோட்டங்களிலும் இருந்ததா என்பது வேறு விஷயம்.

ஜப்பானியர் ஆட்சியில் எண்ணெய் நின்றது, கால்வாய்கள் தூர்ந்தன, கொயினா மருந்துக்கும் தட்டுப்பாடு. நாற்பது ஆண்டு உழைப்பு மூன்றரை ஆண்டில் கரைந்து, காய்ச்சல் திரும்பி வந்தது. போர் முடிந்தபின் பலுடிரின் மாத்திரையும் டிடிடி மருந்தும் வந்தன. லயத்துச் சுவர்களில் டிடிடி வெள்ளைப் பூச்சாகப் படிந்தது. சட்டிபானைகளை வெளியே தூக்கி வைத்துவிட்டு, மருந்தடிக்கும் வரை வாசலில் காத்திருந்ததைப் பலர் மறந்திருக்கமாட்டார்கள். அவசரகாலத்தில் லயங்களை ஓரிடத்தில் சேர்த்து முள்வேலி போட்டபோது நெரிசலும் கழிவறைத் தொல்லையும் புதிதாகச் சேர்ந்தன. அது தனியே பேச வேண்டிய கதை. 1967இல் மலேரியா ஒழிப்புத் திட்டம் தீபகற்பத்தில் தொடங்கியது. 2018 முதல் இந்நாட்டில் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா உள்ளூரில் தோன்றியதாகப் பதிவில்லை. ஆனால் குரங்கிடமிருந்து கொசு வழியே மனிதருக்கு வரும் வேறு வகை மலேரியா இப்போதும் உயிர் குடிக்கிறது. காட்டோரம் வேலை செய்பவருக்குக் காய்ச்சல் கண்டால் இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

பழைய தோட்டங்கள் பல இன்று செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. மலைப்பக்கத்துப் பள்ளம் ஒன்றில் மண் தோண்டும்போது, சுட்ட களிமண் குழாய்த் துண்டு மண்வெட்டியில் தட்டுப்பட்டால் அதைத் தூக்கி எறிவதற்கு முன் சற்றே பாருங்கள். குடிநீர் கொண்டுவரப் போட்ட குழாயாக அது இல்லாமலும் இருக்கலாம்.