ஃபார்மேட் அடித்து ஓ.எஸ். போடுவது: ஒரு சின்ன வரலாறு

லேப்டாப் மெதுவாகிவிட்டது, அடிக்கடி நின்றுபோகிறது, திறந்தால் கேட்காத விளம்பரமெல்லாம் வருகிறது என்று யாரிடம் சொன்னாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "ஃபார்மேட் பண்ணி புதுசா ஓ.எஸ். போட்டுடு, சரியாயிடும்." ஹாஸ்டல் அறையிலும் சரி, சர்வீஸ் கடையிலும் சரி, எல்லா நோய்க்கும் இதுதான் ஒரே மருந்து.

கணினித் துறையில் இதற்குப் பெயர் கிளீன் இன்ஸ்டால். வன்தட்டில் (ஹார்டு டிஸ்க்) இருப்பதை முழுக்க அழித்துவிட்டு, காலி இடத்தில் இயங்குதளத்தை முதலிலிருந்து நிறுவுவது. பழையதன் மேலேயே புதியதை ஏற்றினால் அது அப்கிரேட். வீட்டுக்கு வெள்ளையடிப்பதற்கும், இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இரண்டுக்கும்.

பார்ப்பதற்கு இது வெறும் டெக்னிக்கல் வேலை. ஆனால் இதன் நாற்பது வருடக் கதையைப் படித்தால் அதற்குள் இன்னொரு கதை ஓடுவது தெரியும். காசு கொடுத்து வாங்கிய கணினியைத் துடைத்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கும் உரிமை யாருடையது? வாங்கியவருடையதா, விற்றவருடையதா?

ஃப்ளாப்பி காலம்

1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். தன் முதல் பி.சி.யை வெளியிட்டபோது அதில் வன்தட்டே கிடையாது. டாஸ் என்ற இயங்குதளம் ஃப்ளாப்பியில் இருந்தது. ஃப்ளாப்பியைச் செருகினால் கணினி ஓடும், எடுத்துவிட்டால் வெறும் பெட்டி. 1983இல் வந்த பி.சி. எக்ஸ்.டி. மாடலில் 10 மெகாபைட் வன்தட்டு இருந்தது. ஃப்ளாப்பியில் இருப்பதை வன்தட்டுக்கு மாற்றி, அங்கேயே குடியமர்த்தும் வேலை அதன் பிறகுதான் பி.சி. வைத்திருந்தவர்களுக்குப் பழக்கமானது.

வன்தட்டைப் பாகம் பிரிக்க ஒரு கட்டளை, அழித்துத் தயார் செய்ய இன்னொரு கட்டளை, அப்புறம் ஃப்ளாப்பிகளை வரிசையாகப் போடுவது. 1995 ஆகஸ்ட் 24 அன்று வெளிவந்த விண்டோஸ் 95 ஃப்ளாப்பியிலும் கிடைத்தது. மொத்தம் 13 ஃப்ளாப்பிகள்! பன்னிரண்டாவதைப் படிக்க முடியவில்லை என்று திரையில் வந்தால் அன்றைய உழைப்பு அவ்வளவுதான்.

லேப்டாப்காரர்கள் பாடு இன்னும் கஷ்டம். விண்டோஸ் 95 சி.டி.யிலிருந்து நேரடியாகக் கணினியைத் தொடங்க முடியாது. முதலில் ஒரு ஃப்ளாப்பியால் தொடங்கிவிட்டு, பிறகு சி.டி.க்குப் போக வேண்டும். அந்தக் காலத்து லேப்டாப் பலவற்றில் ஃப்ளாப்பி டிரைவுக்கும் சி.டி. டிரைவுக்கும் இருந்தது ஒரே பொந்து. ஒன்றைக் கழற்றினால்தான் மற்றதை மாட்ட முடியும். சி.டி.யிலிருந்தே தொடங்குவதற்கான எல் டோரிட்டோ என்ற முறை 1995இல் வந்து, மெல்ல மெல்லப் பரவிய பிறகுதான் இந்தச் சிக்கல் தீர்ந்தது.

இவ்வளவு தொல்லை இருந்தும் அந்தக் காலத்துக்கு ஒரு பெருமை உண்டு. ஃப்ளாப்பியும் சி.டி.யும் வாங்கியவரின் அலமாரியில் இருந்தன. நள்ளிரவில் கணினி படுத்துவிட்டாலும் யாரிடமும் அனுமதி கேட்காமல் மறுபடி நிறுவிக்கொள்ளலாம்.

வேண்டாம் என்றாலும் காசு

இந்த இடத்தில் கதை கணக்குப் புத்தகத்துக்குள் நுழைகிறது. டாஸ் விற்ற மைக்ரோசாஃப்ட், கணினித் தயாரிப்பாளர்கள் பலரோடு ஓர் ஒப்பந்தம் போட்டிருந்தது. எத்தனை கணினி விற்கிறார்களோ அத்தனைக்கும் உரிமத்தொகை கொடுக்க வேண்டும். ஒரு கணினியில் டாஸ் இல்லாமல் வேறு இயங்குதளம் போட்டு விற்றாலும் தொகை உண்டு. அப்படியென்றால் போட்டி நிறுவனத்தின் இயங்குதளத்தைப் போட, தயாரிப்பாளர் இரண்டு பேருக்கும் பணம் கட்ட வேண்டும். யார் கட்டுவார்கள்? அமெரிக்க நீதித்துறை இதில் தலையிட்டு, 1994 ஜூலையில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி இந்த முறை நிறுத்தப்பட்டது.

ஒப்பந்தம் போனாலும் பழக்கம் போகவில்லை. கடையில் வாங்கும் லேப்டாப்பில் விண்டோஸ் ஏற்கெனவே இருந்தது. அதன் விலையும் லேப்டாப் விலைக்குள் ஒளிந்திருந்தது. வாங்கியதும் எல்லாவற்றையும் அழித்துவிட்டு லினக்ஸ் போடுகிறவர், பயன்படுத்தாத பொருளுக்கும் காசு கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஆனால் விண்டோஸ் உரிம ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. நிபந்தனைகளை ஏற்காதவர் பணத்தைத் திரும்பப் பெறத் தயாரிப்பாளரை அணுகலாம் என்ற வரி. யாரும் படிக்காத அந்த வரியை ஆஸ்திரேலியாவில் ஒருவர் படித்தார்! தோஷிபா லேப்டாப் வாங்கிய அவர் விடாமல் கடிதம் எழுதி, கடைசியில் 110 ஆஸ்திரேலிய டாலரைத் திரும்ப வாங்கினார். இந்தச் செய்தி பரவி, 1999 பிப்ரவரி 15 அன்று அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் லினக்ஸ் ஆர்வலர்கள் தங்களிடம் இருந்த பயன்படுத்தாத விண்டோஸ் பிரதிகளோடு மைக்ரோசாஃப்ட் அலுவலகத்துக்கே போனார்கள். அன்று அவர்களுக்கு அங்கே பணம் கிடைக்கவில்லை. ஆனால் கணினி வேறு, அதில் இருக்கும் இயங்குதளம் வேறு, இரண்டுக்கும் தனித்தனி விலை உண்டு என்பது ஊர் அறிய வெளியே வந்தது.

சி.டி. காணாமல் போனது

2000ஆம் ஆண்டு வாக்கில் இன்னொரு மாற்றம். லேப்டாப்போடு வந்துகொண்டிருந்த முழு விண்டோஸ் சி.டி. மெல்ல மறைந்தது. அதற்குப் பதில் ரெக்கவரி சி.டி. வந்தது. பிறகு அதுவும் போய், வன்தட்டிலேயே ஒரு மறைவான பகுதியில் ரெக்கவரி கோப்புகள் வந்தன. திருட்டுப் பிரதியைத் தடுக்கலாம், சி.டி. செலவும் மிச்சம். வாங்கியவருக்கும் ஒரு பொத்தானை அழுத்தினால் வேலை முடிந்தது. வசதிதான், மறுப்பதற்கில்லை.

ஆனால் ரெக்கவரி செய்தால் கிடைப்பது சுத்தமான விண்டோஸ் அல்ல. கடையில் வாங்கிய அன்று எப்படி இருந்ததோ அப்படியே, அந்தத் தயாரிப்பாளர் திணித்த சோதனை மென்பொருள்களோடு திரும்பி வரும். லேப்டாப் விற்பனையில் லாபம் குறைவு. அதனால் ஆன்டிவைரஸ் போன்ற நிறுவனங்களிடம் பணம் வாங்கிக்கொண்டு அவர்களின் மென்பொருளை முன்கூட்டியே ஏற்றி விற்பது ஒரு தனி வருமானமாகிவிட்டது. வாங்கியவரின் வன்தட்டு வாடகைக்கு விடப்பட்டது, வாடகை மட்டும் வேறு ஒருவருக்குப் போனது!

இதன் உச்சம் 2008 மார்ச்சில் நடந்தது. சோனி தன் வயோ லேப்டாப்பை இப்படிப்பட்ட கூடுதல் மென்பொருள் இல்லாமல் தருவதற்கு 50 டாலர் கட்டணம் வைத்தது. குப்பையைப் போட்டவரே அதை எடுக்கக் காசு கேட்டால் சும்மா இருப்பார்களா? எதிர்ப்பு கிளம்பியதும் அந்தக் கட்டணத்தைச் சோனி கைவிட்டது.

எக்ஸ்பி கற்றுக்கொடுத்த பாடம்

2001 அக்டோபர் 25 அன்று வந்த விண்டோஸ் எக்ஸ்பிதான் ஒரு தலைமுறைக்கே ஓ.எஸ். போடக் கற்றுக்கொடுத்தது. நீலத்திரை, எஃப்8 அழுத்தி ஒப்பந்தத்தை ஏற்பது, பகுதியை அழிப்பது, பிறகு "இன்னும் 39 நிமிடம்" என்று காட்டும் அந்தப் பக்கம்... பார்த்தவர்களுக்கு மறக்காது. சாட்டா வன்தட்டோடு வந்த புதிய லேப்டாப்களில் எக்ஸ்பிக்கு வன்தட்டே தெரியாமல் போவதும் உண்டு. எஃப்6 அழுத்தி ஃப்ளாப்பியில் டிரைவரைக் கொடு என்று கேட்கும். ஆனால் அந்த லேப்டாப்பில் ஃப்ளாப்பி டிரைவே இருக்காது!

வீட்டுப் பயனாளர்களுக்கு ஆக்டிவேஷன் வந்ததும் எக்ஸ்பியோடுதான். சி.டி. கையில் இருந்தாலும், நிறுவிய பிறகு இணையம் வழியாகவோ தொலைபேசியிலோ மைக்ரோசாஃப்டிடம் ஒரு ஒப்புதல் வாங்க வேண்டும். அனுமதி கேட்காமல் மறுபடி தொடங்கும் காலம் அதோடு முடிந்தது.

எக்ஸ்பி இன்னொரு பாடமும் சொன்னது. 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற வார்ம் பரவியது. அதைத் தடுக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் ஜூலையிலேயே வெளியிட்டிருந்தது. ஆனால் பழைய சி.டி.யிலிருந்து புதிதாக நிறுவிய கணினியில் அது இருக்காது. எக்ஸ்பியில் இருந்த ஃபயர்வாலும் அணைந்த நிலையிலேயே இருந்தது. திருத்தத்தை இறக்க இணையத்தில் இணைந்தால், அது இறங்கி முடிவதற்குள் வார்ம் உள்ளே வந்துவிடும். 60 வினாடியில் கணினி அணையப்போகிறது என்று எண்ணத் தொடங்கிவிடும். சுத்தமான கணினி என்றால் பாதுகாப்பான கணினி என்று அர்த்தமில்லை. 2004 ஆகஸ்டில் வந்த சர்வீஸ் பேக் 2தான் ஃபயர்வாலைத் தானாகவே இயங்க வைத்தது.

தபாலில் வந்த சுதந்திரம்

ஒரு பக்கம் சி.டி. மறைந்தபோது, இன்னொரு பக்கம் இலவச சி.டி. வந்தது. 2000இல் வெளியான நாப்பிக்ஸ், வன்தட்டைத் தொடாமலே சி.டி.யிலிருந்து லினக்ஸை ஓட்டிப் பார்க்க வைத்தது. 2004 அக்டோபரில் வந்த உபுண்டு ஒருபடி மேலே போய், கேட்டவர்களுக்கு உலகம் முழுக்கத் தபாலில் இலவசமாக சி.டி. அனுப்பியது. 2011 வரை இது நடந்தது. வேகமான இணையம் எட்டாத ஊர்களுக்கு அது பெரிய விஷயம்.

தமிழ்நாட்டுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 2011 செப்டம்பரில் அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியபோது, அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸ் என்பது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இயங்குதளம். பல வீடுகளில் அதுதான் முதல் கணினி. இயங்குதளம் என்பது ஒன்றுதான் என்பதில்லை, வேண்டியதைத் தேர்ந்தெடுக்கலாம் என்று கணினியைத் திறந்த உடனேயே திரை கேட்டது.

துடைத்தும் போகாத அழுக்கு

2015 பிப்ரவரியில் ஒரு செய்தி லேப்டாப் உலகையே உலுக்கியது. லெனோவோ விற்ற சில லேப்டாப்களில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருள் முன்கூட்டியே இருந்தது. வங்கித் தளம் உட்பட, பூட்டுப் போட்ட பாதுகாப்பான இணைப்புகளுக்கு நடுவிலும் அது உட்கார்ந்துகொண்டது. அதோடு, எல்லா லேப்டாப்பிலும் அது ஒரே ரகசியச் சாவியைப் பயன்படுத்தியதால், அந்தச் சாவி கிடைத்த யாரும் போலித் தளத்தை உண்மை போலக் காட்ட முடியும். எடுத்துவிடும் கருவியை லெனோவோ கொடுத்தது. முழுக்க அழித்துவிட்டு ஓ.எஸ். போட்டவர்களும் தப்பித்தார்கள்.

அதே ஆண்டு ஆகஸ்டில்தான் உண்மையான அதிர்ச்சி. வேறு சில லெனோவோ மாடல்களில், வன்தட்டை முழுக்க அழித்து, சுத்தமான பிரதியிலிருந்து விண்டோஸ் போட்டாலும் நிறுவனத்தின் நிரல் திரும்ப வந்தது. காரணம், அது இருந்தது வன்தட்டில் அல்ல, பயாஸில். விண்டோஸ் தொடங்கும்போது பயாஸ் தன்னிடம் உள்ள நிரலை உள்ளே எழுதிவிடும். விண்டோஸ் 8 முதல் இதற்கான வழியை விண்டோஸே வைத்திருந்தது. திருட்டுப்போன லேப்டாப்பைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் போன்றவற்றுக்காக வைத்த கதவு அது. பிறகு புதிய பயாஸ் வெளியிட்டு லெனோவோ இதை நிறுத்தியது. ஆனால் எல்லாவற்றையும் துடைத்துவிட்டோம் என்ற நம்பிக்கைக்கு அடியிலும் ஒரு மாடி இருக்கிறது என்று அன்றுதான் பலருக்கும் தெரிந்தது.

சாவி இப்போது எங்கே?

2012இல் வந்த விண்டோஸ் 8 காலத்திலிருந்து லேப்டாப்பின் அடியில் ஸ்டிக்கரில் இருந்த விண்டோஸ் கீ, மதர்போர்டுக்குள் போய்விட்டது. 2015 ஜூலையில் வந்த விண்டோஸ் 10இல் உரிமம் மைக்ரோசாஃப்டின் சர்வரில் பதிவானது. மறுபடி நிறுவினால் தானாகவே அடையாளம் கண்டுகொள்ளும். நிறுவும் கோப்பையும் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே இறக்கி, பென்டிரைவில் போட்டுக்கொள்ளலாம். உண்மையைச் சொன்னால், ஓ.எஸ். போடுவது இவ்வளவு சுலபமாக முன்பு இருந்ததே இல்லை.

2021 அக்டோபர் 5 அன்று வந்த விண்டோஸ் 11 இரண்டு நிபந்தனை வைத்தது. ஒன்று, டி.பி.எம். 2.0 பாதுகாப்பு சில்லு வேண்டும். இரண்டு, ஹோம் பதிப்பை நிறுவும்போது இணையமும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் வேண்டும். 2024இல் வந்த 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி அந்தக் கணக்கில் நுழைந்தால், வன்தட்டு தானாகவே பூட்டிக்கொள்கிறது. அதைத் திறக்கும் மீட்புச் சாவி அந்தக் கணக்கில் சேர்கிறது. லேப்டாப் திருடுபோனால் இது பெரிய பாதுகாப்பு. கணக்கையே இழந்துவிட்டால் வாங்கியவரே வெளியில் நிற்க வேண்டியதுதான்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எத்தனையோ லேப்டாப், சில்லு இல்லை, பிராசசர் பட்டியலில் இல்லை என்ற காரணத்தால் வாசலிலேயே நிறுத்தப்பட்டன. அவற்றை எடைக்குப் போடலாம். இல்லையென்றால் ஒரு பென்டிரைவில் லினக்ஸ் எடுத்து, துடைத்துவிட்டு, இன்னும் சில வருடம் ஓட்டலாம்.

இந்தக் கதையில் வில்லன் என்று ஒருவரைக் கைகாட்ட முடியாது. ஒவ்வொரு படியிலும் வேலை சுலபமானது, பாதுகாப்பும் கூடியது. ஆனால் ஒவ்வொரு படியிலும் சாவி அலமாரியிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போனது. முதலில் மறைவான பகுதிக்கு, பிறகு மதர்போர்டுக்கு, பிறகு எங்கேயோ இருக்கும் சர்வருக்கு.

அதனால் புது லேப்டாப் வாங்கும்போது ரேம் எவ்வளவு, பிராசசர் என்ன என்று கேட்பதோடு இன்னொன்றையும் கேட்டுவிடுவது நல்லது: இதை முழுக்கத் துடைத்துவிட்டு, பிடித்த ஓ.எஸ். போட முடியுமா? முடியும் என்றால் அது சொந்த வீடு. முடியாது என்றால், முழு விலை கொடுத்தும் வாடகைக்குத்தான் இருக்கிறோம்.