தக்காளி இலை கருகுகிறதா? காட்டுத் தக்காளி தரும் பாதுகாப்பு

மாக் மண்டின் போன்று வெயிலும் ஈரமும் சேர்ந்த இடங்களில் தொட்டியில் தக்காளி நடுவோர் பலர் இதைப் பார்த்திருப்பார்கள். செடி பூக்கும் நேரத்தில் அடி இலைகளில் பழுப்புப் புள்ளிகள் விழும். இலை மஞ்சளாகி, கருகி உதிரும். பெரும்பாலும் இதற்குக் காரணம் பூஞ்சணம்.

முக்கிய நோய்கள்

முன்பருவக் கருகல்: ஆல்டர்னேரியா என்ற பூஞ்சணத்தால் வருவது. புள்ளிக்குள் வளையம் வளையமாகத் தெரியும். கத்தரி, உருளைக்கிழங்கு, மணத்தக்காளி ஆகியவற்றையும் தாக்கும்.

இலைப்பூஞ்சணம்: இலையின் மேற்புறம் மஞ்சள் திட்டு, அடிப்புறம் வெல்வெட் போன்ற படலம். காற்றோட்டம் இல்லாத பிளாஸ்டிக் கூடாரங்களில் அதிகம்.

பின்பருவக் கருகல்: கேமரன் மலை போன்ற குளிர்ந்த இடங்களுக்கு உரிய நோய். 1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்ததும் இதுவே. இந்தக் கிருமி பூஞ்சணம் போல் தோன்றினாலும் வேறு இனத்தைச் சேர்ந்தது.

கொரினெஸ்போரா: தோட்ட மக்களுக்குப் பழக்கமான எதிரி. பால்மரத்தின் இலையை உதிர்க்கும் இதே பூஞ்சணம் தக்காளியிலும் புள்ளி நோயை உண்டாக்கும்.

காட்டு உறவுகள்

தக்காளியின் தாயகம் தென் அமெரிக்காவின் மேற்குப் பகுதி. பெரு, எக்குவடோர், சிலி நாடுகளில் அதன் காட்டு உறவுகள் சுமார் 12 இனங்கள் உள்ளன. அவற்றுக்கும் இந்நோய்கள் வரும். ஆனால் ஒரே இனத்தில் சில செடிகள் கருகும், சில தாங்கி நிற்கும். அந்த வேற்றுமைதான் அவற்றின் பலம்.

நாம் பயிரிடும் தக்காளியில் அந்த வேற்றுமை மிகக் குறைவு. ஒரே வகையை எங்கும் நட்டால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கையின் ரப்பர் தோட்டங்களே சான்று. 1980களில் அங்கே ஆர்.ஆர்.ஐ.சி. 103 என்ற ஒட்டு ரக மரங்களைக் கொரினெஸ்போரா பெருமளவில் அழித்தது.

இலைப்பூஞ்சணத்தைத் தடுக்கும் 'சி.எஃப்.-9' என்ற மரபணு, பட்டாணி அளவே பழம் தரும் காட்டுத் தக்காளியிலிருந்து வந்தது. 1994இல் விஞ்ஞானிகள் அதைப் பிரித்தெடுத்தனர். பின்பருவக் கருகலைத் தாங்கும் 'பி.எச்.-3' மரபணுவும் அதே இனத்தின் கொடை. ஆனால் கிருமியும் மாறிக்கொண்டே இருக்கிறது. புதிய வகை தோன்றினால் பழைய தடுப்பு பலிக்காது. அதனால் 1971இல் தொடங்கப்பட்ட தைவானின் உலகக் காய்கறி மையம் போன்ற இடங்களில் காட்டு விதைகளைச் சேமிக்கிறார்கள். காட்டுச் செடி அழிந்தால், நாளைய தக்காளிக்கான தடுப்பும் அதோடு போய்விடும்.

வீட்டில் செய்ய வேண்டியது

• காலையில், இலை நனையாமல் வேரில் நீர் ஊற்றுங்கள்.
• மண்ணைத் தொடும் அடி இலைகளைக் கிள்ளிவிடுங்கள்.
• புள்ளி விழுந்த இலைகளைத் தொட்டியிலேயே போடாமல் பையில் கட்டி அகற்றுங்கள்.
• தக்காளி, கத்தரி, மிளகாயை ஒரே மண்ணில் அடுத்தடுத்து நடாதீர்கள்.
• பக்கத்து மணத்தக்காளியின் இலைகளையும் பாருங்கள். செடியைப் பிடுங்க வேண்டாம். புள்ளி உள்ள இலைகளை மட்டும் நீக்கினால் போதும்.