மாரிக்குப்பத்துக்குப் போன பாதைகள்

1799 மே 4-ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து, திப்பு சுல்தான் களத்திலேயே மாண்டது வரை சென்ற வாரம் பார்த்தோம். கோட்டை பிடிபட்டதும் சிப்பாய்களின் வேலை முடிந்தது, நில அளவைக்காரர்களின் வேலை தொடங்கியது. கம்பெனிக்கு ஒரு பங்கு, நிஜாமுக்கு ஒரு பங்கு, மிச்சம் உடையார் குடும்பத்துக்கு என்று மைசூர் சீமையைக் காகிதத்தில் பிரித்துவிட்டார்கள். ஆனால் எந்தக் குன்றோடு மைசூர் முடிகிறது, எந்த ஏரிக்கரையில் கம்பெனி நிலம் ஆரம்பிக்கிறது என்பதை நேரில் நடந்து பார்த்தால்தான் தெரியும்.

கிழக்கு எல்லையை அளக்கும் பொறுப்பு லெப்டினன்ட் ஜான் வாரன் என்பவருக்கு வந்தது. பெயர்தான் ஆங்கிலப் பெயர். பிறந்தது 1769-இல் ஒரு பிரெஞ்சுக் குடும்பத்தில், முன்னோர் அயர்லாந்துக்காரர்கள். அவர் இருந்தது 33-ஆம் காலாட்படைப் பிரிவு. பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த ஆர்தர் வெல்லெஸ்லி தலைமை தாங்கிய பிரிவு அது. பரங்கிமலைக்குப் பக்கத்தில் 1802 ஏப்ரலில் சங்கிலி போட்டு, பின்னர் இமயம் வரை நீண்ட பெரும் முக்கோண அளவையைத் தொடங்கிவைத்த வில்லியம் லாம்டனும் அதே பிரிவுக்காரர்தான். லாம்டன் பரங்கிமலையில் முதல் சங்கிலியைப் போடுவதற்கு இரண்டு மாதம் முன்பு, வாரன் கோலார் சீமையில் குன்று குன்றாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்.

அந்த நிலத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கம் முன்னூறு சொச்சம் மீட்டர் உயரத்தில் கிடக்கும் தரை, கணவாய் ஏறினால் எண்ணூறு மீட்டரைத் தாண்டிவிடும். மேலே போனதும் கண்ணுக்கெட்டிய வரை மேடும் பள்ளமுமாக வறண்ட வெளி. நடுநடுவே உருண்டு திரண்ட மொட்டைப் பாறைக் குன்றுகள், அவற்றின் இடுக்குகளில் முள்ளும் புதரும். வற்றாத ஆறு ஒன்றுகூடக் கிடையாது. பாலாறு இந்த மேட்டு நிலத்திலேதான் பிறக்கிறது, ஆனால் இங்கே அது மழைக்கு மட்டும் ஓடும் ஆறு. அதனால் முன்னோர்கள் ஒவ்வொரு சரிவிலும் கரை கட்டி மழைநீரைத் தேக்கினார்கள். ஒன்றின் கலங்கல் அடுத்ததை நிரப்பும்படி ஏரிகளைச் சங்கிலியாக அமைத்தார்கள். கோலார் மாவட்டத்தில் இன்றும் இப்படி ஆயிரக்கணக்கான ஏரிகள் இருக்கின்றன. பாலாற்றின் போக்கில் இருக்கும் பேத்தமங்கலம் ஏரி அவற்றில் பழமையானது, பெரியது. மாசி மாதத்தில் இந்த ஏரிகள் பாதி வற்றி, கேழ்வரகு அறுத்த வயல்கள் வெடித்துக் கிடக்கும்.

அந்தப் பருவத்தில்தான் வாரன் அங்கே வந்தார். ஹைதர் அலி பிறந்த ஊரென்று சொல்லப்படும் பூதிக்கோட்டைக்குக் கிழக்கே, ஏறக்குறைய 9 மைல் தொலைவில் எர்ரகொண்டா என்ற சிறு குன்று. அதன்மேல் அளவைக்கான நிலையம் ஒன்றை நிறுத்தினார்கள். உயரமான இடத்தில் கொடி நட்டு, அங்கிருந்து அடுத்த குன்றின் கொடியைக் கோணமானி வழியே பார்த்துக் கோணம் குறிக்க வேண்டும். பிறகு இறங்கி நடந்து, அடுத்த குன்றில் ஏற வேண்டும். எல்லை அளப்பது என்றால் அன்றைக்கு இதுதான். வழிகாட்டக் கிராமத்து ஆட்கள் இல்லாமல் ஒரு நாள் வேலைகூட நடக்காது. குன்றின் பெயரை, நீர் கிடைக்கும் இடத்தை, ஊர் எல்லையை அவர்கள்தான் சொல்ல வேண்டும். இந்தப் பேச்சுகளுக்கு நடுவேதான் குன்றை ஒட்டிய மண்ணில் பொன் கிடைக்கிறது என்ற சேதி வாரன் காதில் விழுந்தது.

காட்டித் தருகிறவருக்குப் பரிசு என்று அறிவித்தார். ஊரிகம் என்ற சிற்றூரைச் சேர்ந்த குடியானவர் ஒருவர், என்னோடு வந்தால் காட்டுகிறேன் என்று முன்வந்தார். 1802 பிப்ரவரியில் வாரன் அவர் பின்னால் ஊரிகத்துக்குப் போனார். பின்னாளில் உலகமே ஊர்காம் என்று எழுதிய ஊர் அதுதான்.

அங்கே அவர் கண்டதை எழுதி வைத்திருக்கிறார். ஊர்ப் பெண்கள் கூடினார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு சிறு துடைப்பம், ஒரு முறம், நடுவில் குழி குடைந்த ஒரு பலகை. ஊருக்கு மேற்கே இருந்த புதர்க்காட்டுக்குள் போனார்கள். மழைநீர் அரித்த ஓடைப் பள்ளங்களில் இறங்கி, மேலே கிடந்த சரளைக் கற்களைக் கையால் ஒதுக்கி, அடியில் இருந்த மண்ணைத் துடைப்பத்தால் முறத்தில் கூட்டினார்கள். மண்ணை ஏரிக்குத் தூக்கிவந்து குழிப்பலகையில் கொட்டி, பலகை தண்ணீரில் மூழ்கும்படி வைத்து, கையால் கலக்கினார்கள். லேசான மண் கரைந்து போகப் போக, குழியின் அடியில் இரும்புத்தூள் போன்ற கருமணல் தங்கியது. அந்தக் கருமணலுக்குள்ளே மினுங்கிய சில துகள்கள் பொன்.

120 பவுண்டு மண்ணுக்கு ஒரு கிரெயின் தங்கம் என்று வாரன் கணக்குப் போட்டார். இன்றைய அளவில் 55 கிலோ மண்ணுக்கு 65 மில்லிகிராம், ஒரு டன்னுக்கு ஒரு கிராமுக்குச் சற்று மேல். துடைப்பமும் முறமும் கொண்டு, மேல் மண்ணை மட்டும் கூட்டி எடுத்த கணக்கு இது. காலங்காலமாக அந்தப் பெண்களின் கை பழகியிருந்த வித்தையின் அளவு இது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். எந்தப் பள்ளத்தில் கூட்டுவது, எவ்வளவு நேரம் கலக்குவது, எப்போது கையை நிறுத்துவது என்று அவர்களுக்குத் தெரியாவிட்டால் வாரனின் குறிப்பேட்டில் எழுத எதுவுமே இருந்திருக்காது.

அடுத்து மாரிக்குப்பம். அங்கே மண் கழுவுவதோடு நிற்கவில்லை, சுரங்கமே தோண்டியிருந்தார்கள். ஊருக்கு வெளியே ஒதுக்கிவைக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த ஆண்கள் குழிக்குள் இறங்கிப் பாறையை உடைத்தார்கள். உடைத்த கல் கூடை கூடையாக, இடையில் நின்ற ஆட்களின் கை மாறி மேலே வந்தது. மேலே பெண்கள் அதைப் பெரிய பாறையின்மேல் வைத்து இடித்துத் தூளாக்கி, கழுவிப் பொன் எடுத்தார்கள். மண்ணில் கிடக்கும் துகளுக்கும் பாறைக்குள் ஓடும் ரேகைக்கும் உள்ள உறவை அவர்கள் அறிந்திருந்தார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. திப்பு சுல்தானும் ஓர் அதிகாரியை அனுப்பி இங்கே பொன் எடுக்க முயன்றதாகவும், வரவும் செலவும் சரியாகப் போனதால் கைவிட்டதாகவும் வாரனிடம் சொல்லியிருக்கிறார்கள்.

வாரன் அறிக்கை எழுதினார், 1804-இல் அது அச்சேறியது. பிறகு அவர் வாழ்க்கை வேறு பக்கம் திரும்பியது. சென்னை வானாய்வு நிலையத்துக்குப் பொறுப்பேற்றார். தமிழர், தெலுங்கர், இஸ்லாமியர் காலத்தை எப்படிக் கணிக்கிறார்கள் என்று ஆராய்ந்து 1825-இல் ‘காலசங்கலித’ என்ற பெருநூலை வெளியிட்டார். 1830-இல் புதுச்சேரியில் இறந்தார். கோலார் தங்கம் அவரோடு கிட்டத்தட்ட மறந்தே போனது. இடையில் சிலர் பழைய குழிகளில் இறங்கிப் பார்த்தார்கள், விபத்துகள் நடந்தன, 1859-இல் நிலத்துக்கடியில் தோண்டுவதற்கே தடை வந்தது.

1871-இல் பெங்களூர் கண்டோன்மென்ட்டில் குடியிருந்த மைக்கேல் ஃபிட்ஸ்ஜெரால்ட் லாவெல் என்ற அயர்லாந்து வீரர், வாரனின் அந்தப் பழைய நான்கு பக்கக் கட்டுரையைப் படித்தார். அவர் நியூசிலாந்தில் மாவோரிகளுக்கு எதிரான போரில் இருந்துவிட்டு வந்தவர். நியூசிலாந்தின் ஒடாகோவில் 1861-இல் தங்கம் கிடைத்து ஊரே திரண்டு ஓடிய காலத்தை ஒட்டியவர். அவருக்கு அந்த நான்கு பக்கம் வேறு மாதிரிப் பட்டிருக்க வேண்டும். மாட்டுவண்டி கட்டிக்கொண்டு 60 மைல் பயணமாகக் கோலாருக்குக் கிளம்பினார். பெங்களூரிலிருந்து ஜோலார்பேட்டைக்கு 1864-லேயே ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. ஆனாலும் அவர் போனது மாட்டுவண்டியில்தான் என்று சொல்லப்படுகிறது. வழியெல்லாம் பாறையையும் ஓடை மணலையும் பார்த்துக்கொண்டு போகிறவருக்கு வண்டிதான் வசதி. நினைத்த இடத்தில் நிறுத்தலாம்.

இரண்டு ஆண்டு அலைந்து பார்த்துவிட்டு 1873-இல் அரசிடம் அனுமதி கேட்டார். தங்கம் எடுப்பது ஆகாத காரியம் என்பதே அதிகாரிகளின் எண்ணம். விடாமல் எழுதிக் கேட்டு 1875 பிப்ரவரியில் 20 ஆண்டு உரிமம் பெற்றார். ஆனால் கோலாரின் பொன் கலிஃபோர்னியாவைப் போல ஆற்று மணலில் தனி ஆள் அள்ளிக்கொண்டு போகும் பொன் அல்ல. வடக்குத் தெற்காகச் சுமார் 80 கிலோமீட்டர் நீளும் கரும்பாறைப் பட்டைக்குள், வெண்கல் ரேகையில் ஒட்டிக்கொண்டு பாதாளம்வரை இறங்கும் பொன். அதற்கு இயந்திரம் வேண்டும், முதல் வேண்டும். லாவெலிடம் இரண்டும் இல்லை. 1877 வாக்கில் உரிமை சில ராணுவ அதிகாரிகளின் கைக்குப் போனது. 1880-இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் வந்தது. லாவெலின் பெயர் இன்று பெங்களூரில் ஒரு சாலைக்கு இருக்கிறது.

லாவெலுக்குப் பிறகு இந்த மேட்டு நிலத்தில் ஏறியவர்களின் பயணம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. 1876 முதல் 78 வரை தென்னிந்தியாவைத் தின்ற பஞ்சத்துக்குப் பின், வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து, பெரும்பாலும் நிலமற்ற ஆதிதிராவிடக் குடும்பங்கள் கோலார் தங்க வயலுக்கு வந்தன. பவுரிங்பேட்டையிலிருந்து மாரிக்குப்பத்துக்கு ரயில் வந்ததே 1894-இல்தான். அதற்கு முன் பெரிய பாதை ரயிலில் வந்தாலும் பவுரிங்பேட்டையில் இறங்கி மீதியை நடக்க வேண்டும். கட்டணத்துக்கு வழியில்லாதவர்களுக்குப் பாலாற்றங்கரையிலிருந்து கணவாய் ஏறி முழுத் தூரமும் கால்நடைதான். மழைநீர் இறங்கிவரும் வழிக்கு எதிராக, சட்டி பானையும் குழந்தையும் சுமந்துகொண்டு ஏறிய பயணம். 1891 கணக்கெடுப்பில் ஏழாயிரம் பேர் சொச்சம் இருந்த தங்க வயல், 1901-இல் 38,000 பேரைத் தாண்டியது.

வந்தவர்கள் தகர லைன்களில் குடியேறினார்கள். மேஸ்திரி பெயர் கூப்பிட, கூண்டில் ஏறிப் பூமிக்குள் இறங்கினார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் கடைசியில் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் பாறையின் சூடு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். இந்த மக்களின் ஊரான மாரிக்குப்பத்திலேதான் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அயோத்திதாசரின் தமிழ்ப் பௌத்த இயக்கம் வேர் பிடித்தது. ‘தமிழன்’ இதழ் அவர் காலத்துக்குப் பின் மீண்டும் வெளிவந்ததும் தங்க வயலிலிருந்துதான்.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. 120 ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் தங்கம் எடுக்கப்பட்டது. வாரனையும் லாவெலையும் கண்டுபிடிப்பாளர்கள் என்று நூல்கள் எழுதுகின்றன. இருவரும் துணிச்சல்காரர்கள், அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் வாரனுக்கு வழிகாட்டி முன்னால் நடந்தவர் ஊரிகத்துக் குடியானவர், வாரனைப் படித்துவிட்டுத்தான் லாவெல் கிளம்பினார். அப்படியென்றால் கண்டுபிடித்தவர்கள் அந்த ஊரிகத்துப் பெண்களும் மாரிக்குப்பத்துக் குழிக்காரர்களும்தான் என்று எழுதுவதே முறை. ஒருவர் பெயரும் நமக்கு எஞ்சவில்லை.

அவர்களுக்குப் பின் நடந்து வந்தவர்களின் பெயர்களையாவது இழக்காமல் இருக்கலாம். வாசகர்களில் பலருக்குத் தங்க வயலில் உறவு உண்டு என்பது எனக்குத் தெரியும். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள்: எந்த ஊரிலிருந்து கிளம்பினார்கள், எந்தக் கணவாய் வழியாக ஏறினார்கள், எங்கே தங்கினார்கள், எந்த லைனில் முதலில் அடுப்பு மூட்டினார்கள். அரைப் பக்கம் எழுதினாலும் போதும், இதழின் முகவரிக்கு அனுப்புங்கள். வருவதை வைத்து அந்தப் பாதைகளை வரைபடமாக இந்தத் தொடரிலேயே வெளியிடுவோம்.

(தொடரும்)