சுமேரிய நாகரிகமும் கணக்கேடும்

நபி இப்ராஹீம் (அலை) அவர்களின் வரலாற்றைக் கூறும்போதெல்லாம் நம் ஆலிம் பெருமக்கள் ஈராக் நாட்டைக் குறிப்பிடுவது வழக்கம். அன்னார் பிறந்த நகரின் பெயரைத் திருமறை கூறவில்லை. எனினும், தென் ஈராக்கில் இருந்த ‘ஊர்’ என்னும் நகரமே அது எனப் பலர் கருதி வந்துள்ளனர். (நம் தமிழ்ச் சொல்லோடு இப்பெயர் ஒத்து ஒலிப்பதை வைத்து உறவு கொண்டாட ஆதாரம் ஏதுமில்லை.) அந்நகர் செழித்திருந்த சுமேர் நாட்டைச் சற்றே காண்போம்.

அரபியில் புராத், திஜ்லா என வழங்கும் யூப்ரடீஸ், டைகிரிஸ் நதிகளின் தென்சமவெளியில் மழை மிகக் குறைவு. எனவே மக்கள் கூடிக் கால்வாய் வெட்டி வாற்கோதுமை விளைவித்தனர். உண்டது போக மிஞ்சிய தானியம் கோயில் களஞ்சியங்களில் சேர்ந்தது. அதைக் கூலியாகப் பெற்றுக் குயவரும் நெசவாளரும் கொல்லரும் நகரங்களில் பெருகினர். வந்தது எவ்வளவு, கொடுத்தது எவ்வளவு என்பதை நினைவில் மட்டும் வைத்திருத்தல் இயலாதாயிற்று. கி.மு. 3200 அளவில் ஊருக் நகரில் ஈரக் களிமண் பலகையில் நாணற்குச்சியால் குறியிடத் தொடங்கினர். நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய எழுத்துகளுள் பெரும்பாலானவை இத்தகைய வரவு செலவுக் கணக்குகளே! கடனை எழுதி வைக்கப் பணிக்கும் அல்பகரா 282ஆம் வசனமே திருமறையின் மிக நீண்ட வசனம் என்பதை ஜமாஅத் கணக்கேட்டைப் புரட்டும்போது நாம் எண்ணிப் பார்ப்பதுண்டு.

மணிக்கு 60 நிமிடம் என்பதும் அவர்களது எண்முறையின் எச்சமே.

கி.மு. 2100 அளவில் ஊர் நகரை ஆண்ட ஊர்நம்முவின் சட்டமே நமக்குக் கிடைத்த சட்டத் தொகுப்புகளுள் பழையது. ஹம்முராபிக்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டு முந்தியது. அநாதையைச் செல்வனிடமும் விதவையை வலியோனிடமும் ஒப்படைக்கவில்லை என்று அதன் முன்னுரை கூறுகிறது. உடலுக்கு ஊறு செய்தவன் வெள்ளியாக ஈடு செலுத்த வேண்டும். ஆயினும் இம்மன்னனே சந்திர தெய்வத்திற்காகச் செங்கல்லால் மாபெரும் படிக்கோபுரம் எழுப்பியவன். நட்சத்திரத்தையும் சந்திரனையும் சூரியனையும் நோக்கி இப்ராஹீம் (அலை) அவர்கள் ஆராய்ந்ததை அல்அன்ஆம் அத்தியாயத்தில் ஓதுவோர்க்கு அச்சூழல் விளங்கும்.

2003 ஏப்ரலில் பாக்தாத் அருங்காட்சியகம் சூறையாடப்பட்டது. சுமார் 15,000 பொருட்கள் களவு போயின. ஐயாயிரம் ஆண்டுப் பழைமையுள்ள ஊருக் நகரத்துச் சிற்பக் கற்குடம் அவ்வாண்டு ஜூனில் உடைந்த துண்டுகளாகத் திரும்பி வந்தது. பின்னர் பல மீட்கப்பட்டன. ஆயிரக்கணக்கானவை இன்னும் வந்து சேரவில்லை.